பேனர் கஜாவ ஹைட் பண்ண கதை

1

மொதல்ல ஒண்ணு சொல்லிக்கறேன். நான் உயிரோட தான் கீறேன். நம்ம தண்டையார்பேட்டை மன்றத்து மலர்ல என் பேரப் பாத்ததும், "ஐயோ, தேவா போயிட்டானா"ன்னு யாரும் மாலையத் தூக்கினு எங்க அக்கா வூட்டுக்குப் போவ வாணாம். ஏற்கனவே ஒரு தபா அந்த பேஜாரு ஆயிப்போச்சி. அத்த சொல்லத்தான் இத்த எய்தறேன். எனக்குத் தெரிஞ்சது அஞ்சாங்கிளாஸ் தமிய். அதுலயும் பாதி நாளு கூட்ஸ் வண்டி பாக்க ஓடிட்டேன். அதனால பேசற மாதிரியே எய்திகினு போறேன். தப்பு இருந்தா வாத்தியார் மேல போட்டுக்கோங்கோ.

ஷார்ஜாவுக்கு வந்து பன்னெண்டு வருசம் முடிஞ்சிபோச்சி. துறைமுகத்துல ஃபோர்க்லிப்ட் ஓட்டறேன். கம்பெனில ஒரு பிஸ்கோத்து கூட குடுக்கல. ஆனா தண்டையார்பேட்டைல ஒரே ஒருத்தனுக்கு அது ஞாபகம் இருந்துது. நம்ம பேனர் கஜா.

ஏரியாவுக்குப் புதுசா வந்தவங்களுக்காக சொல்றேன். கஜா என் கூட கோலி ஆடுன தோஸ்து. ஹைரோட்ல ஃப்ளெக்ஸ் பேனர் கடை வெச்சிகினு கீறான். காது குத்து, கல்யாணம், சாவு, எல்லாத்துக்கும் அவன் பேனரு தான். கஸ்டமர் வராத நாள்ல மெசினு சும்மா இருக்கக் கூடாதுன்னு தன் மூஞ்சியவே அடிச்சி கடைக்கு வெளிய மாட்டிக்குவான். ஒரு நாளு புலி பக்கத்துல நிப்பான், ஒரு நாளு ரதத்துல வருவான். அப்பால கம்ப்யூட்டர்ல பிரண்ட்ஸ் சைட்டு வந்துச்சி பாருங்கோ, ரெண்டாயிரத்து எட்டு ஒம்போது வாக்குல? கஜாவுக்கு கொண்டாட்டம். துணியும் வாணாம், மையும் வாணாம், கயிறு கட்ட ஆளும் வாணாம். நாளெல்லாம் பேனரு தான்.

எனக்கு பன்னெண்டு வருசம் முடிஞ்சிதுன்னு தெரிஞ்சதும், ஒரு வாய்த்துப் பேனரு போடலாம்னு உக்காந்துகீறான். புது டிசைன் பண்ண சோம்பேறித்தனம். கம்ப்யூட்டர்ல தேடுனா, "ஆம் ஆண்டு"ன்னு ஏற்கனவே போட்ட டிசைன் ஒண்ணு ரெடியா கீது. எவரோ பெரியவருக்கு அடிச்ச நினைவஞ்சலி. அத்த எடுத்து, நம்பர மாத்தி, "நினைவஞ்சலி"ய அயிச்சிட்டு "வெளிநாட்டு சாதனை"ன்னு போட்டான். பெரியவர் மூஞ்சிய எடுத்துட்டு என் மூஞ்சிய வெச்சான். மீதி எல்லாம் அப்டியே உட்டுட்டான். ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு, மேல மேகம், ஒரு வெள்ளப் புறா, என் தலைக்குப் பின்னால ஜோதி. போட்டோ வேற பாஸ்போர்ட்டு போட்டோ. அதுல நான் எப்பவுமே செத்தவன் மாதிரி தான் இருப்பேன்.

அத்தோட உட்டானா? என் லிஸ்ட்ல இருந்த அம்புட்டு பேரு தலைலயும் அந்தப் படத்த டேக்குன்னு ஒட்டி உட்டுட்டான். அது தான் அந்த சைட்டுல பெரிய ரோதனை. ஒருத்தன் ஒட்னா, ஒட்டப்பட்டவன் பிரண்டுக்கெல்லாம் தெரியும்.

மறுநா காலைல யார்டுக்குப் போறேன். ஸ்டோர்ல இருக்கற பிலிப்பினோக்காரன் என்னப் பாத்ததும் கைல இருந்த டீ கிளாச கீய போட்டுட்டான். கேன்டீன்ல போய்ப் பாத்தா, சுவத்துல என் படம். கீய ஒரு மெயுவத்தி எரியுது. ஃபோர்மேன் ஷாஜி, நம்ம மலையாளத்து தம்பி, ஓடி வந்து என் கையப் புடிச்சி அமுக்கிப் பாக்கறான்.

"தேவண்ணா! நீங்க மரிச்சில்லே?"

"இன்னும் இல்ல தம்பி. டூட்டி கீது."

"அப்போ ஈ வெளக்கு? ஈ புறா?"

"அது எங்க ஏரியா வாய்த்துப்பா."

அவனுக்கு தமிய் பேச வரும், படிக்க வராது. வெளக்கையும் புறாவையும் பாத்துட்டு மத்ததெல்லாம் அவனே முடிவு பண்ணிகினான். அவன சொல்லி இன்னா பண்றது, எனக்கே அந்தப் படத்தப் பாத்தா கண்ணு கலங்குது. அம்மாம் நல்லா கீது.

2

அதுக்குள்ள ஆபீசுக்கு நூஸ் போயிடுச்சி. வரச் சொன்னாங்கோ. போனேன். அங்க ஒரு கோட்டு போட்ட ஆபீசரு. அவுரு ஊரு எகிப்து. கம்ப்யூட்டரப் பாத்துகினே இங்கிலீஷ்ல கேக்கறாரு.

"முனுசாமி டெட்?"

இங்க ஒரு விசயம் சொல்லணும். பாஸ்போர்ட்டு எடுக்க சொல்லோ, அப்பா பேர கடைசில போடச் சொன்னான் புரோக்கரு. அதனால இந்த தேசத்துல நான் மிஸ்டர் முனுசாமி. பேங்க்ல முனுசாமி, ஆஸ்பத்திரில முனுசாமி. எங்க நைனா துறைமுகத்துல மூட்ட தூக்குனவரு, ராயபுரம் தாண்டி எங்கியும் போனதில்ல. செத்தப்பறம் பன்னெண்டு வருசமா பாலைவனத்துல ஃபோர்க்லிப்ட் ஓட்டிகினு கீறாரு.

ஆபீசரு கேட்டாரா? நான் பொய் சொல்லலாமா?

"யெஸ் சார். முனுசாமி டெட். லாங் டைம் டெட்."

அவுரு கண்ணாடிய கயட்டிட்டாரு. "லாங் டைம்? தென் ஊ இஸ் டிரைவிங்?"

"மீ சார்."

"ஊ ஆர் யூ?"

"முனுசாமி சார்."

ஷாஜி மட்டும் உள்ள வந்து வெளக்கலன்னா, அன்னிக்கே என்ன பொட்டில போட்டு மீனம்பாக்கத்துக்கு அனுப்பி இருப்பாங்கோ. நான் உயிரோட கீறேன்னு ஒரு பேப்பர்ல கையெய்த்து வாங்கினாங்கோ. ஏரியால எவன் கிட்டயாவது அந்த மாதிரி கையெய்த்து கீதா? எங்கிட்ட கீது.

இத்த நான் வூட்ல வந்து சொல்லி, ஆக்ட் பண்ணிக் காட்டி, என் சம்சாரம் செல்வி வவுறு வலிக்க சிரிச்சிகினு கீறா. அப்ப எங்க பொண்ணு யசோதரா ஸ்கூல்லேர்ந்து வந்தா. பைய வெச்சா. சிரிக்கல.

"டாடி, அசெம்ப்ளில எனக்காக ஒரு நிமிஷம் எல்லாரும் எந்திரிச்சி நின்னாங்க."

ஒட்டுன படம் அவ தலைலயும் ஒட்டிகீது. அவ பிரண்டுங்கோ பாத்துட்டு டீச்சர் கிட்ட சொல்லிட்டாங்கோ. டீச்சரம்மா இவள கட்டிப் புடிச்சி அயுதுகீது. எங்க அப்பா காலைல எனக்கு தோசை சுட்டுக் குடுத்தாருன்னு இவ சொல்லிருக்கா. "பாவம், ஷாக்குல பேசுது"ன்னுட்டாங்களாம்.

நான் சிரிச்சிட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது. அவ உள்ள போய் கதவ சாத்திகினா. எங்க வூட்ல உள்ளன்னா அது சமையல்கட்டு தான். வேற ரூமு கெடையாது.

3

இங்க எங்க வெள்ளிக்கெயமயப் பத்தி சொல்லணும், இல்லன்னா மீதி புரியாது.

யசோதரா மூணு வயசுல இங்க வந்தவ. ஸ்கூல்ல இங்கிலீஷு, இந்தி, கொஞ்சம் அரபி. தமிய் பேசுவா, ஆனா கலெக்டர் மனு வாங்கற மாதிரி பேசுவா. எய்த்து ஒண்ணு கூட தெரியாது. எனக்கு தமிய் எய்த்து தெரியும், இங்கிலீஷ் எய்த்து தெரியாது. நம்ம ஏரியா ஆளுங்கோ சைட்டுல எப்டி எய்துவாங்கோ? நம்ம பேச்ச இங்கிலீஷ் எய்த்துல போடுவாங்கோ. ஆக, அவ படிப்பா, அவளுக்குப் புரியாது. எனக்குப் புரியும், படிக்க வராது. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்தா தான் ஒரு ஆளு.

லீவு நாளு வெள்ளிக்கெயம. நாஸ்டா சாப்டுகினே லேப்டாப்ப தொறப்பா. ஸ்கூல் பிரேயர் மாதிரி ஒவ்வொரு சொல்லா உட்டு உட்டு படிப்பா.

"இன்னா. மச்சி. எப்டி. கீறே. டாடி, கீறேன்னா ஸ்க்ராட்ச் பண்றதா?"

"இல்லம்மா. நல்லா இருக்கியான்னு கேக்கறான்."

"அப்ப ஏன் ஸ்க்ராட்ச் பண்றாரு?"

இப்டியே மத்தியானம் வரைக்கும் போவும். அதுல முக்காவாசி கஜா தான். கையில சலைன் ஏறிகினு இருக்கற போட்டோ, கீய "உங்கள் பிரார்த்தனை தேவை". இன்னாடான்னா, கால்ல ஆணி குத்திகீது. இன்னொரு நாளு, "நான் போகிறேன். என்னை யாரும் தேடாதீர்கள்." செல்வி பதறிப்போய் போனப் போடுன்னா. அதுக்கு அடுத்ததா அவனே, "வந்துட்டேன். பிரியாணி சூப்பர்." அப்பால ஒரு அம்மன் படம், பாஞ்சி பேருக்கு அனுப்பலன்னா வூட்ல மீட்டர் போயிடும்னு. நான் அனுப்பல. அந்த வாரம் நெசமாவே எங்க கட்டடத்துல கரண்டு போச்சி. நான் யார் கிட்டயும் சொல்லல.

அவ கேப்பா, நான் வெளக்குவேன். கஸ்மாலம்னா இன்னா, பிகிலுன்னா இன்னா, கொருக்குப்பேட்டை கேட்ல கூட்ஸ் நின்னா ஏன் ஊரே லேட்டு, வெளுத்த துணிய மாடில காயப் போட்டா ஏன் சாம்பலா வருது. இந்தக் கலீஜு போஸ்ட்ட வெச்சிகினு ஏரியாவையே அவளுக்கு சுத்திக் காட்டிட்டேன். அவளும் சிரிப்பா. வாரத்துல மத்த நாள்ல அவ எங்கிட்ட பேசறது, "டாடி சார்ஜர்", அவ்ளோ தான்.

இது ரொம்ப நாளுக்கு ஓடாதுன்னும் எங்களுக்குத் தெரியும். துறைமுகத்துல கப்பலு கொறஞ்சி போச்சி. வூட்டு வாடகைக்கு கம்பெனி குடுத்துகினு இருந்தத நிறுத்திட்டாங்கோ. பத்தாவது பரிச்ச முடிஞ்சதும் செல்வியும் யசோவும் தண்டையார்பேட்டைக்குப் போயிடணும். எங்க அக்கா சரோஜா வூட்டு மாடில ஜாக. ப்ளஸ் ஒன் அங்க. நான் இங்க லேபர் கேம்ப்ல.

சொன்னப்ப யசோ, "ஓகே டாடி"ன்னா. அவ்ளோ தான். நான் கூட, பரவால்லயே, நம்ம பொண்ணு ஸ்ட்ராங்குன்னு காலர தூக்கி உட்டுகினேன்.

4

சாவு பேனருக்கு அடுத்த வெள்ளிக்கெயம, யசோ லேப்டாப்ப தொறந்து எங்க ரெண்டு பேருக்கும் வகுப்பு எடுத்தா.

"டாடி, இதுல ஹைட்னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்குனா அவங்க போடறது நமக்கு வராது. அவங்களுக்குத் தெரியவும் தெரியாது."

"சண்ட இல்லாமயா?"

"சண்ட இல்லாம."

நான் அசந்துட்டேன். நம்ம ஏரியால ஒருத்தன் மூஞ்சிய பாக்காம இருக்கணும்னா தெருவையே மாத்திகினு போவணும். இங்க ஒரு பட்டன்ல முடிஞ்சிபோச்சி.

"அட்டென்ஷன் சீக்கிங் எல்லாத்தையும் தூக்கிடறேன்"ன்னா.

"அப்டின்னா?"

"எல்லாரும் என்னப் பாருங்க, என்னப் பாருங்கன்னு போடறது. வேஸ்ட்."

மொதல்ல கஜா. அவன் மூஞ்சி மேல அம்ப வெச்சி அமுக்குனா. புலி, ரதம், சலைன் எல்லாம் ஒரே செகண்டுல காணோம். அப்பால பூ படத்துல குட் மார்னிங் போடற மாமா. அப்பால வாரத்துக்கு ரெண்டு தபா பொண்டாட்டி கூட சண்ட போட்டு, அத்த சைட்டுல சொல்ற ரவி. நான் பக்கத்துல உக்காந்து, "தூக்கு, தூக்கு, இவனையும் தூக்கு"ன்னு சவுண்டு உட்டுகினு கீறேன். சிக்னல்ல நிக்கற டிராபிக் போலீசு மாதிரி எனக்கு ஒரு பவரு.

எல்லாம் முடிஞ்சதும் பாத்தா, பக்கம் சுத்தமா கீது. ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி. மூணே மூணு போஸ்ட்டு. ஒண்ணு, மன்றத்து ரத்த தான முகாம். ஒண்ணு, யாரோ பஸ் பாஸ தொலச்சிட்டாங்கோ. இன்னொண்ணு, யசோவ உட்டு நான் போட்டது.

யசோ மூணையும் படிச்சா. "அவ்ளோ தான் டாடி"ன்னு மூடிட்டு எந்திரிச்சி போயிட்டா. இட்லி ஆறல. செல்வி இன்னும் ரெண்டாவது ஈடு ஊத்தல. நான் அங்கியே உக்காந்து மூடுன லேப்டாப்ப பாத்துகினு கீறேன்.

அடுத்த வாரமும் அப்டி தான். பஸ் பாஸு கெடச்சிடுச்சாம். சந்தோசம்.

5

செல்வி காசிமேட்டுப் பொண்ணு. எதையும் மொறைச்சிகினு தான் சொல்லுவா.

"யோவ், ஃபோர்க்லிப்ட்டு. உன் பொண்ணு பாத்ரூமுக்குப் போனா கொயாய தொறந்து உட்டுகினு அயுவுறா. உன் காதுல வியல?"

"ஏன்?"

"ஏனா? அங்க போனா நான் இன்னா பேசுவேன், எனக்கு அங்க ஒருத்தரயும் தெரியாதேன்னு ஒரு நாளு வாய தொறந்தா. அதோட சரி. அப்பால கேட்டா, நத்திங்காம்."

"எங்கிட்ட சொல்லலியே."

"உங்கிட்ட சொன்னா நீ ஜோக்கு அடிப்ப."

நான் ஜோக்கு அடிக்கல. நெசமா.

எனக்கு அந்தக் காலத்து விசயம் ஒண்ணு ஞாபகம் வந்துச்சி. எங்க லைன் வூட்டுக்கு, வேற ஏரியாலேர்ந்து ஒரு கிளார்க்கு குடி வந்தாரு. மரியாதையான மன்சன். ஒரு நாளு அவுரு சம்சாரத்துக்கு இடுப்பு வலி வந்து, யாருக்கும் தொல்ல குடுக்கக் கூடாதுன்னு சத்தமே போடாம ரிக்சா வெச்சி இட்டுகினு போய், கொயந்தையோட திரும்பி வந்தாரு. லைனே அவுரு வாசல்ல வந்து நின்னுது. பூ குடுக்க இல்ல, சண்டைக்கு.

"இன்னாயா, எங்கள மன்சனா நெனைக்கலியா? வலி வந்தா ஒரு கொரலு குடுக்க மாட்டியா? அம்மாம் பெரிய ஆளா நீ?"

திட்டி முடிச்சிட்டு தான் பூண்டு கொயம்பு வெச்சிக் குடுத்தாங்கோ. எங்க பக்கம் அது தான் சட்டம். ஒருத்தனுக்கு ஒண்ணுன்னா கத்தணும். கத்தாதவன் தான் திமிரு புடிச்சவன். கத்துனா, கேக்கறவன் வரணும். வரலன்னா அவன் மன்சன் இல்ல. கஜா கால்ல ஆணி குத்துனதுக்கு போட்டோ போட்டானே, அன்னிக்கு அவன் கடைல ரொட்டியும் பாலுமா நெறஞ்சி இருக்கும், எனக்கு நல்லா தெரியும். இங்கேர்ந்து பாக்க சொல்லோ தான் அது பந்தாவா தெரியுது. பந்தாவும் தான், இல்லங்கல. புலி பந்தா தான்.

ஆனா என் பொண்ணு கொயாய தொறந்துகினு அயுவுறா. அந்த கிளார்க்கு மாதிரி. போற ஊருல கொரலு குடுக்கற எல்லாரையும் நான் தான் பக்கத்துல நின்னு, "தூக்கு, தூக்கு"ன்னு தூக்க வெச்சிருக்கேன். கெட்டிக்காரன்ல நானு?

சரி, ஒடச்சவன் நான். ஒட்டறதும் நான் தான். நமக்கு தெரிஞ்ச ஒரே வேல பாரம் தூக்கறது.

6

மறுநா கேன்டீன்ல ஷாஜிய புடிச்சேன்.

"தம்பி, நான் சொல்றேன். நீ என் பேர்ல டைப் பண்ணு."

"வீண்டும் மரிச்சோ அண்ணா?"

"இல்லடா. இது உயிருள்ள மேட்டரு."

எனக்கு ஊருக்கு விசயம் சொல்லணும்னா ஒரே ஸ்டைலு தான் தெரியும். பேனர் ஸ்டைலு. அதனால அப்டியே சொன்னேன். அவனும் மலையாளத்துக் காதுல கேட்டு, மலையாளத்து விரல்ல தட்டுனான். இது தான் நான் சொன்னது:

"தண்டையார்பேட்டை மக்களே. என் பொண்ணு யசோதரா பரிச்ச முடிச்சிட்டு அங்க வர்றா. மூணு வயசுல போனவ. அங்க அவளுக்கு யாரையும் தெரியாது. பயந்துகினு கீறா. என் பொண்ணாச்சே, வெளிய சொல்ல மாட்டா. அவளுக்கு ரெண்டு வார்த்த எய்துங்கோ. எனக்கு வாணாம், அவளுக்கு. இப்படிக்கு தேவா, உயிரோட."

ஷாஜி அமுக்கறதுக்கு முன்னால என்னப் பாத்தான். அவனுக்கும் ஊர்ல பொண்ணு கீது.

"அண்ணா, மோளுக்கு தேஷ்யம் வருமே."

"கோவம் தானே? வரட்டும். அயுவறத விட கோவம் தேவல. அமுக்கு."

வூட்ல செல்வி கிட்ட சொன்னேன். தலைல அடிச்சிகினா. "வயசுப் பொண்ணு பயந்துகினு கீதுன்னு ஊருக்கே தண்டோரா போட்டியா? அவ உங்கிட்ட இனிமே சென்மத்துக்கும் பேச மாட்டா, பாரு."

வெள்ளிக்கெயம வர வரைக்கும் நானும் கொஞ்சம் கலங்கிப் போய் தான் கெடந்தேன். யார்டுல ஒரு மூட்டய தப்பான லாரில ஏத்திட்டேன். முனுசாமிக்கு மெமோ குடுத்தாங்கோ. வாங்கிகினாரு.

7

யசோ லேப்டாப்ப தொறந்தா. மொதல்ல வாய்க்குள்ளயே படிச்சா. மூஞ்சி செவந்துது. என்னத் திரும்பிப் பாத்தா.

"டாடி. நீயும் அட்டென்ஷன் சீக்கிங்."

"ஆமாம்மா. எல்லாரும் கொஞ்சம் பாருங்கன்னு தான் கேட்டேன்."

"என்னக் கேட்டியா?"

"இல்ல."

டப்புன்னு மூடிட்டு பால்கனிக்குப் போயிட்டா. செல்வி, "நான் சொல்லல?"ன்ற மாதிரி என்னப் பாத்துட்டு வெங்காயம் அரிய ஆரம்பிச்சா. நான் மெதுவா லேப்டாப்ப தொறந்து பாத்தேன். கீய கீய கீய போயிகினே கீது, அவ்ளோ எய்த்து. ஒண்ணு கூட படிக்கத் தெரியல. மூஞ்சிங்கள மட்டும் பாக்கறேன். ரவி கீறான். குட் மார்னிங் மாமா கீறாரு. எல்லாம் நாங்க தூக்குன மூஞ்சிங்கோ. நம்ம தான் அவங்கள பாக்கறதில்ல, அவங்கோ நம்மள பாத்துகினு தான் கீறாங்கோ.

பொறவு அவ வந்தா. நின்னுகினே சொன்னா.

"ஒரு தபா தான் படிப்பேன். அப்பறம் நீ இத டெலீட் பண்ணணும்."

தபான்னா. அவளுக்கே தெரியாம வந்துச்சி. நான் பல்ல கடிச்சிகினு சும்மா இருந்தேன்.

மொதல்ல சரோஜா அக்கா. பிரவுசிங் சென்டர்ல யாரயோ புடிச்சி போட்டுகீது. யசோ ஸ்கூல் பிரேயர் கொரல்ல படிக்கறா: "என் தங்கமே. மாடி ரூமுக்கு. ரோஸ் கலர். அடிச்சி. கீறேன். புடிக்கலன்னா. வேற. அடிச்சிக்கலாம்."

அடுத்தது ரவி. "இங்க யாரும் நல்லா பேச மாட்டாங்கோ. நீ எப்டி பேசுனாலும் எங்கள விட டாப்பு தான்."

ஒருத்தன், "தேவாணா, இன்னா எய்த்து இது? உன்ன கொச்சில வித்துட்டாங்களா?"ன்னு கேட்டிருந்தான். யசோவுக்கு சிரிப்பு வந்துச்சி, அடக்கிகினா. நான் வெளக்கறதுக்கு வாய தொறக்கறதுக்குள்ள அவளுக்கே புரிஞ்சிபோச்சி. இது எப்ப நடந்துச்சின்னு எனக்குத் தெரியல.

கஜா நீட்டமா எய்தி இருந்தான். "யசோ கண்ணு, உங்கப்பன சாவடிச்சதுக்கு மன்னிச்சிடு. வெளக்க எடுக்க மறந்துட்டேன். நீ வர அன்னிக்கு ஏர்போர்ட்டுக்கு நான் வரேன், ஆனா பேனர் கொண்டார மாட்டேன், சத்தியம்."

அதுக்குக் கீய இன்னொண்ணு. அதே கஜா பேர்ல தான். யசோ ரெண்டு வார்த்த படிச்சிட்டு நிறுத்துனா. அப்பால, உட்டு உட்டு இல்லாம, ஒரே மூச்சில படிச்சா.

"யசோ, இப்ப பேசறது நானு, தேன்மொழி, கஜா பொண்ணு. நானும் பத்தாவது தான். எங்கப்பாவுக்கு இங்கிலீஷ்ல டைப் பண்ண தெரியாது, அவுரு சொல்ல சொல்ல இத்தினி நாளா எல்லாம் நான் தான் போட்டேன். புலி, சலைன் எல்லாம். எனக்கு மானமே போவுது. எங்க கிளாஸ்ல என்ன புலின்னு தான் கூப்டறாங்கோ. உங்கப்பாவும் இப்டி தானா? நீ வா. நம்ம ரெண்டு பேரும் சேந்து பேசிக்கலாம்."

செல்வி வெங்காயத்த உட்டுட்டு வந்து நிக்கறா.

எனக்கு அப்ப தான் தலைல ஒறைச்சிது. இத்தினி வெள்ளிக்கெயமையும் அங்க ஒரு பொண்ணு தலைல அடிச்சிகினே டைப் பண்ணிகீது, இங்க ஒரு பொண்ணு தலைல அடிச்சிகினே படிச்சிகீது. நடுவுல நாங்க ரெண்டு அப்பனுங்கோ, எங்களால தான் பூமி சுத்துதுன்னு நெனச்சிகினு கீறோம்.

யசோ நாற்காலிய இயுத்துப் போட்டு உக்காந்தா. தட்ட ஆரம்பிச்சா. எங்கியும் நிறுத்தல. கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கத்துலேர்ந்து பதிலு வந்துச்சி. அத்த படிச்சிட்டு வாய்ல கைய வெச்சிகினு சிரிச்சா. திரும்ப தட்டுனா.

நான் எட்டிப் பாத்தேன். "அந்தப் பொண்ணு இன்னாம்மா எய்தறா? படி."

ஸ்கிரீன கையால மறைச்சிகினா.

"இது உனக்கில்ல டாடி."

"ஒரு வார்த்த."

"போ டாடி."

"அப்ப டெலீட்டு?"

"வாணாம். இருக்கட்டும்."

நான் எந்திரிச்சி பால்கனிக்குப் போனேன். கொஞ்சம் வலிச்சிது, பொய் சொல்ல மாட்டேன். இங்க வந்து இவ நம்மள உட்டு வேற தேசத்துக்கு போயிடுவாளோன்னு பன்னெண்டு வருசமா பயந்துகினு இருந்தேன். போயிட்டா. ஆனா போனது தண்டையார்பேட்டைக்கு. அதுல கொற சொல்ல இன்னா கீது?

போனு அடிச்சிது. கஜா.

"மாமு, என் பொண்ணு கம்ப்யூட்டர உட மாட்டேன்றா. கடைல ஒரு ஆர்டரு கீது. கேட்டா, போப்பான்றா. உம் பொண்ணு கிட்ட இன்னா பேசுதுன்னும் சொல்ல மாட்டேன்றா. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கும் காட்ட மாட்டேன்றாடா."

"அப்ப நம்மள ஹைட் பண்ணிட்டாங்களா?"

"ஆமாண்டா. சண்ட இல்லாம."

அந்தப் பக்கம் ஹைரோட்டு டிரைலருங்கோ ஹாரன் கேக்குது.

"இன்னிக்கு எனக்கு காலைலேர்ந்து முதுகு புடிச்சிகினு கீது மாமு. போட்டோ கூட எடுத்து வெச்சேன். இப்ப யார் கிட்ட சொல்றது?"

நான் சேர இயுத்துப் போட்டு உக்காந்தேன்.

"எங்கிட்ட சொல்லுடா. எந்தப் பக்கம் புடிச்சிகினு கீது?"